நன்றி ரயிலில் வந்த பொம்மைகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பஞ்சம் தீராத பிரான்சுக்கு, 1947-இல் அமெரிக்க மக்கள் உணவுப் பொருள்களைத் திரட்டி அனுப்பினார்கள். அதற்குக் கைமாறாக 1949 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் 49 சரக்குப் பெட்டிகள் வந்திறங்கின. ‘நன்றி ரயில்’ என்று அதற்குப் பெயர். பொம்மைக்கு உடை தைக்கும் எனக்கு அதில் பெரிய பொக்கிஷம், பாரிஸ் தையற்கலைஞர்கள் உடுத்தி அனுப்பிய பொம்மைகள்தான்.

குழந்தைப் பொம்மைகள் அல்ல அவை. வளர்ந்த பெண்ணின் உடல்வாகு, சுமார் இரண்டடி உயரம். 1715 முதல் 1906 வரையிலான உடை வரலாற்றில் ஆளுக்கோர் ஆண்டை எடுத்துத் தைத்தார்கள். அவர்களில் ஒருவரான எல்சா ஸ்கியாபரெல்லி எடுத்துக்கொண்டது 1906.

இந்த வேலையின் கஷ்டம் தைப்பவர்களுக்குத் தெரியும். அளவைக் குறைக்கலாம், துணியின் கனத்தைக் குறைக்க முடியாது. இடுப்பில் கொசுவம் தடித்தால் இடையே மறைந்துவிடும். மெல்லிய பட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும், உள்மடிப்பை ஒட்ட நறுக்க வேண்டும், பூவேலை பொடியாக இருக்க வேண்டும்.

புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குத் தரப்பட்ட அந்தப் பொம்மைகள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போர்க்காலத்தில் துணிக்கே ரேஷன் கண்ட நாடு, தன் கைத்திறனையே நன்றியாகக் கொடுத்தது. அதைவிட உயர்ந்த காணிக்கை எனக்குத் தெரியவில்லை.