ஐ.எஸ்.டி.என். ஒலி இணைப்பு

தொலைபேசியின் செப்புக் கம்பியில் டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறை. வெளியிடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளை வானொலி நிலையத்துக்குக் கொண்டுவரப் பயன்பட்டது. சாதாரணத் தொலைபேசி ஏறத்தாழ 3.4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்தும்; இந்த இணைப்பில் பயன்படும் ஜி.722 ஒலிக் குறியீட்டு முறை 7 கிலோஹெர்ட்ஸ் வரை தரும். பேசுவோரின் குரல் அதன் இயல்போடு நேயரைச் சேர்வதே இதன் பெருமை.

அமைப்பு: அடிப்படை இணைப்பில் விநாடிக்கு 64 கிலோபிட் கொண்ட இரண்டு ‘பி’ தடங்களும், அழைப்பை நிர்வகிக்கும் 16 கிலோபிட் ‘டி’ தடமும் உண்டு.

பெறும் முறை: இந்தியாவில் பி.எஸ்.என்.எல். வழங்கியது. விண்ணப்பிக்கும்போது இரு தடங்களிலும் 64 கிலோபிட் தரவுச் சேவை கேட்க வேண்டியிருந்தது. குரல் சேவை மட்டும் போதவில்லை. இணைப்பகத்திலிருந்து வரும் இரு கம்பிகள் என்.டி.1 பெட்டியில் முடியும்; அதில் ஒலியைக் குறியீடாக்கி மீட்கும் கோடெக் கருவி இணையும். இரு முனைகளிலும் ஒரே குறியீட்டு முறை இருப்பது கட்டாயம்.



இன்றைய நிலை: இணையவழிக் கோடெக்குகள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன.