நெய்வேலியில் தைத்த கைப்பை



அண்மையில் நெய்வேலி நகரியத்தில் என் இல்லத்தில் அமர்ந்து ஒரு கைப்பை தைத்தேன். கல்லூரியில் சேரவிருந்த என் அக்காள் மகளுக்காகத் தைத்த பை அது. பாரிசு நகரத்துப் பையொன்றின் படத்தைக் காட்டி, அதைப் போன்றே வேண்டும் என்று அவள் கேட்டாள். அதன் விலையோ இலட்சக் கணக்கில் இருந்தது. என்னிடம் இருந்தவை அன்னையாரின் கால்மிதித் தையல் இயந்திரமும், மெயின் பஜாரில் வாங்கிய கட்டம் போட்ட பருத்தித் துணியும், பழைய புடவை ஒன்றுமே.

பை முடிந்தது. அவள் தோளில் மாட்டி மகிழ்ந்தாள். பின்னர்ச் சற்றே தயங்கி, "சித்தி, தோழியர் இதைப் போலி என்று சொல்லுவார்களே! அந்த நிறுவனத்தின் முத்திரையையும் இதன்மேல் தைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டாள். ஒரு பிள்ளையின் வாட்டம் நிறைந்த அந்த வினாவிற்கு விடை தேடி நான் வரலாற்று நூல்களை நாடினேன். கண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் கைப்பையின் கதையைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் பலர் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிய துணிப்பைகளிலேயே தம் சிறுபொருள்களை வைத்திருந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய, ஒடுங்கிய ஆடைகள் வழக்கிற்கு வந்தன. உள்ளே பை வைக்க இடமில்லை. ஆகவே, கயிறு இழுத்துச் சுருக்கும் சிறு பையைக் கையில் ஏந்தலாயினர். நம் பாட்டிமார் வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகிக்கொண்ட சுருக்குப்பைக்கு அது நெருங்கிய உறவு அன்றோ?

கையில் ஏந்தும் பையால் ஒரு கை எப்போதும் சிறைப்பட்டுக் கிடந்தது. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காப்ரியேல் சனேல் என்னும் ஆடைக் கலைஞர், தோளில் தொங்கும் நீண்ட சங்கிலியோடு ஒரு பையை வெளியிட்டார். பிறந்த திங்களையும் ஆண்டையும் கொண்டே அது 2.55 எனப் பெயர் பெற்றது. இரண்டு கைகளுக்கும் விடுதலை அளித்ததே அதன் சிறப்பு. அடுத்த ஆண்டு, 1956 நவம்பரில், நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் தோன்றியது. எங்கள் ஊரும் அந்தப் பையும் ஏறத்தாழ ஒரே வயதினர் எனலாம்.

அந்தப் பையைப் போன்று தைக்க முயன்றபோதுதான் அதன் நுட்பம் எனக்கு விளங்கிற்று. மேல் துணிக்கும் உள் துணிக்கும் இடையே பழைய புடவையை மடித்து வைத்தேன். சாக்கட்டியால் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கோடுகள் இட்டு, வைரக் கட்டங்களாகத் தைத்தேன். முதலில் ஓரத்திலிருந்து தொடங்கியதால் துணி நடுவில் சுருங்கிப் புடைத்தது. பிரித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தேன், துணி படிந்தது. மென்மையான துணிக்கு உறுதி தருவதற்காகவே அக்கட்டங்கள் அமைந்தன என்பதை என் விரல்கள் கற்றன. பித்தளைச் சங்கிலியின் கண்ணிகளினூடே துணி நாடாவைக் கோத்துத் தோள்வாரும் அமைத்தேன்.

இனி, வினாவிற்கு வருவோம். பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வது இழிவா?

எங்கள் ஊருக்குக் கிழக்கே, கடற்கரையில், கடலூரும் பரங்கிப்பேட்டையும் உள்ளன. சற்று வடக்கே புதுச்சேரி. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இத்துறைமுகங்களிலிருந்து பருத்தித் துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவிற்குச் சென்றன. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் துவைத்தாலும் நிறம் மாறா. சாயவேரும் படிகாரமும் கொண்டு நம் கைவினைஞர் கண்ட அந்த வித்தை அந்நாளில் ஐரோப்பியர்க்குக் கைவரவில்லை. பாரிசு நகரத்துப் பெண்கள் இத்துணிகள்மீது மோகம் கொண்டனர். தம் நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில்கள் நலியும் என அஞ்சி, பிரெஞ்சு அரசு 1686-ஆம் ஆண்டில் இவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. ஆயினும் மோகம் அடங்கவில்லை.

இதற்கிடையே, கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் நம் சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த முறைகளை 1742-இல் கடிதமாக எழுதித் தம் நாட்டிற்கு அனுப்பினார். தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சேல்சுக்கு அருகே சூயி என்னும் ஊரில் அச்சுத்துணித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்தார்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ நிலை தலைகீழாயிற்று. இங்கிலாந்தின் ஆலைத் துணிகள் நம் சந்தைகளில் குவிந்தன. நெசவாளர் பலர் வாழ்விழந்தனர். சூயி நகரத்துத் துணியின் பெயர் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. கேர்தூவுக்குத் தொழில் கற்பித்த சாயத் தொழிலாளரின் பெயர்களோ நம் நினைவில் இல்லை.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? பார்த்துக் கற்பது குற்றமன்று. கைத்தொழில்கள் யாவும் அவ்வாறே வளர்ந்தன. கற்பித்தவரை மறைப்பதே குறை. பிறர் முத்திரையைத் தன் பொருளின்மேல் ஒட்டுவதோ அதனினும் பெருங்குறை. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும் அதனைக் குற்றம் என்கின்றது. போலி என்பது தையலில் இல்லை. பொய்ப் பெயரில் இருக்கின்றது.

இவற்றையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிவப்பு நூற்கண்டை எடுத்து வந்தாள். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் "நெய்வேலி" என்று தானே தைக்கத் தொடங்கினாள். எழுத்துகள் சற்றே கோணலாகத்தான் விழுந்தன. இன்று அந்தப் பையோடுதான் கல்லூரிக்குச் செல்கின்றாள். எவரேனும் கேட்டால், "மாதிரி பாரிசினுடையது, கை எங்களுடையது" என்று தயங்காமல் விடையளிக்கின்றாள்.