சாம்பாரைத் திட்டுவதற்கு ஒரு வரலாறு

கும்பகோணத்துக்கு வேலை நிமித்தமாக வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஊரில் இருக்கிற ஓட்டல்களுக்கெல்லாம் மார்க் போட்டு நண்பர்களுக்கு அனுப்பியதுதான். பேர் சொல்லாமல் சில மாதிரிகள் தருகிறேன்.

ஒரு கடை: இட்லி பஞ்சு மாதிரி இருந்தது, உண்மையிலேயே தலையணைக்குள் அடைக்கிற பஞ்சு. சாம்பாரில் பருப்பைத் தேடினேன், ஒரு முருங்கைக்காய் மட்டும் தனியாக நீச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அஞ்சுக்கு ஒண்ணரை. அந்த அரை, சர்வர் அண்ணன் சிரித்ததுக்கு.

இன்னொரு கடை: தோசை நன்றாக இருந்தது. ஆனால் மேஜையைத் துடைத்த துணிக்கு என்னைவிட வயது அதிகம். மூணு.

மூணாவது: கடப்பா. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம், இது தரையில் போடுகிற கல் இல்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் பச்சை மிளகாயும் அரைத்து விட்டுச் செய்கிற, தஞ்சாவூர் கும்பகோணம் பக்கத்துக்கே உரிய தொட்டுக்கை. இட்லிக்கு இதுதான் என் கட்சி. அந்தக் கடையில் கடப்பாவுக்கு நாலரை. காபிக்கு ஒண்ணு. நெடுஞ்சாலையெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறார்களே, அதை கும்பகோணத்திலேயே தேட வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு நாள் காலையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே சாம்பாரைக் கிழித்துத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுபத்தைந்து வயதுக்கு மேல். பக்கத்துக் கிராமம். நான் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு, இலையில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"தம்பி, சாம்பார் நல்லா இல்லன்னு சொல்லணும்னா மொதல்ல உள்ள வந்து உக்காரணும்ல?"

எனக்கு உடனே புரியவில்லை. அவரே மேலே சொன்னார். சின்னப் பையனாக இருக்கும்போது அப்பாவோடு டீக்கடைக்குப் போவாராம். கடைக்குப் பின்பக்கம் கொட்டாங்குச்சி செருகி வைத்திருக்கும். அதை எடுத்து, தானே கழுவி, நீட்டிப் பிடிக்க வேண்டும். மேலிருந்து ஊற்றுவார்கள். "சக்கரை போதுமான்னு ஒருத்தனும் எங்கிட்ட கேட்டதில்ல. எனக்கும் சொல்லத் தோணினதில்ல" என்றார். அப்புறம் இன்னொரு இட்லி சொன்னார். கெட்டிச் சட்னி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு மார்க் போடவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். ஓட்டல் என்கிற இந்த இடம் நம்ம ஊரில் எப்படி வந்தது? யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள்? இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

காசு கொடுத்துச் சாப்பிடுவதா?

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊர்ப்பக்கம் வழிப்போக்கனுக்குச் சோறு என்றால் சத்திரம்தான். தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகிற பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1801-ல் சரபோஜி கம்பெனியின் ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜ்யம் போனாலும் போகட்டும், சத்திர நிர்வாகத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்பதுதான் சாரம். அதில் சத்திரங்கள் நடக்கிற விதத்தையும் விவரிக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்த சோற்றை வாங்கிக்கொள்ள விரும்பாதவர்களுக்கு அரிசியாகவும் மளிகையாகவும் கொடுத்துவிடுவார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் 'அட, எவ்வளவு தாராளம்!' என்று தோன்றும். தாராளம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அரிசி ஏற்பாட்டைக் கவனியுங்கள். பசியோடு நடந்து வந்தவன்கூட, அடுப்புக்கு முன்னால் நின்றது யார் என்று தெரியாமல் வாயில் வைக்க மாட்டான். சத்திரம் அந்த வழக்கத்தோடு மோதவில்லை, அதற்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. எல்லோருக்கும் சோறு, ஆனால் எல்லோரும் ஒரே பந்தியில் இல்லை.

இன்னொன்று, சத்திரத்துச் சோற்றுக்கு யாரும் மார்க் போட முடியாது. தர்மச் சோற்றில் உப்பு குறைச்சல் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். குறை சொல்ல வேண்டுமென்றால் காசு கொடுத்திருக்க வேண்டும்.

ரயிலும் காபியும்

1870களில் இந்தப் பக்கம் ரயில் வந்தது. கோர்ட்டு, காலேஜ், தாலுகா கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் ஊர் விட்டு ஊர் வர ஆரம்பித்தார்கள். கும்பகோணத்தில் அரசுக் கல்லூரி 1854-லேயே வந்துவிட்டது. குடும்பத்தை விட்டுத் தனியாக வந்த குமாஸ்தாவும் மாணவனும் வக்கீலைப் பார்க்க வந்த மிராசுதாரும் எங்கே சாப்பிடுவார்கள்? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவைதான் காபி கிளப்புகளும் மெஸ்களும்.

காபியை அப்போது எல்லோரும் கையைத் தட்டி வரவேற்கவில்லை. பழைய சோறும் நீராகாரமும் போய்விட்டன, பெண்கள் கெட்டுப்போகிறார்கள், உடம்பு பாழாகிறது என்று பெரியவர்கள் பத்திரிகைகளில் புலம்பித் தள்ளியிருக்கிறார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். இன்றைக்கு அதே காபியை நம்ம பாரம்பரியம் என்கிறோம். நூறு வருஷத்தில் வில்லன் ஹீரோ ஆகிவிட்டார்.

இந்தக் காபி கிளப்புகளின் போர்டில்தான் விஷயம் இருக்கிறது. 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் வெளியூரிலிருந்து வந்தவனுக்கு நிம்மதி. சத்திரத்தில் அரிசியாக வாங்கிப் போனவனின் பேரன் இப்போது சமைத்ததையே தைரியமாகச் சாப்பிடலாம், ஏனென்றால் அடுப்பில் நிற்பது யார் என்று போர்டு சொல்லிவிட்டது. அதே போர்டு வேறு சிலருக்கு வேறு ஒன்றையும் சொன்னது. சில இடங்களில் உள்ளே வராதே என்று. சில இடங்களில் வா, ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார் என்று. இன்னும் சிலருக்கு அந்தத் தட்டியும் இல்லை, கொல்லைப்புறம்தான்.

தனியார் கடை மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் நடத்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் இருந்தது. ஒரே ரயில், ஒரே பெட்டி, ஒரே கரித்தூள். ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு வாசல். பெரியாரும் நீதிக்கட்சியினரும் போராடி, 1941-ல்தான் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

பந்தி என்பது நம்ம ஊர் அரசியலில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் வெடித்த தகராறு எதைப் பற்றி? பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனியாகப் போட்டதைப் பற்றி. வ.வே.சு. ஐயர் தேசபக்தியில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் வாங்கி நடந்த அந்த இடத்திலும் இலை மட்டும் தனியாகத்தான் விழுந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அந்தச் சண்டையில் இரண்டுபட்டது. பெரியார் 1925-ல் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு முன்னால் நடந்த கசப்புகளில் இதுவும் ஒன்று.

சட்டம் கதவைத் திறந்தது, போர்டு அப்படியே இருந்தது

1950 ஜனவரி 26. அரசியலமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். சாதி, மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாத இடங்கள் எவை என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் இரண்டாவதாகத்தான் வருகின்றன. முதலில் வருவது கடைகளும் உணவகங்களும் விடுதிகளும்! ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளில் ஓட்டலுக்கு இவ்வளவு முன் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை, நாலு வருஷம் ஓட்டல் ஓட்டலாகச் சுற்றிய எனக்கு அதுவரை தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, தடுத்தால் தண்டனை என்றும் ஆனது.

ஆனாலும் போர்டில் இருந்த அந்தச் சொல் உடனே போய்விடவில்லை. உள்ளே யார் வேண்டுமானாலும் வரலாம் என்றான பிறகும், பேர் மட்டும் தொங்கியது. 1957-ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் போராட்டத்தைத் தொடங்கினார். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான், போர்டிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடு. தினமும் தொண்டர்கள் வருவதும் கைதாவதுமாக மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் சொல் போனது.

'யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம் என்கிறபோது ஒரு வார்த்தைக்காக இத்தனை பேர் ஜெயிலுக்குப் போகணுமா?' என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தச் சொல் சுவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது என்றால் 'இங்கே சாம்பார் நன்றாக இருக்கும்' என்று எழுதலாம். யார் கை என்பதை எழுதினால், மற்ற கைகளைப் பற்றியும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையின் போர்டில் அந்தச் சொல் திரும்ப வந்தபோது மறுபடியும் எதிர்ப்புக் கிளம்பியதை நினைத்துப் பாருங்கள்.

போர்டை வைத்து நம்ம ஊர் வரலாற்றைப் படிக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. 'கிளப்', 'விலாஸ்', 'மிலிட்டரி ஓட்டல்', 'பவன்', 'உயர்தர சைவ உணவகம்'. அந்த 'உயர்தர' என்கிற சொல்லைக் கவனியுங்கள். சைவத்துக்கு மட்டும் ஏன் உயர்தரம்? 'உயர்தர மட்டன் சுக்கா' என்று நான் இதுவரை எந்தப் போர்டிலும் பார்த்ததில்லை. பழைய சொல் போனாலும், அது உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டம்ளர்

இதோடு சுபம் போட்டுவிடலாம் என்றால் முடியவில்லை. தலைமையாசிரியர் சொன்ன கொட்டாங்குச்சி பிறகு கண்ணாடி டம்ளர் ஆனது. ஆனால் இரண்டு டம்ளர். ஒன்று இவர்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. அதைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். இரட்டைக் குவளை முறை என்று இதற்குப் பெயரே இருக்கிறது. 2011-ல், அதாவது எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பேப்பர் கப் வந்ததும் சில கடைகளில் பிரச்சினை தீர்ந்த மாதிரி தெரிகிறது. தீர்த்தது மனசா, குப்பைத்தொட்டியா என்று யோசிக்க வேண்டும்.

கிராமத்து டீக்கடைக்கும் டவுன் ஓட்டலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கிராமத்தில் டீ ஆற்றுகிறவருக்கு உங்கள் தாத்தாவையே தெரியும். டவுனில் சர்வருக்கு நீங்கள் 'நாலாம் நம்பர் டேபிள்', அவ்வளவுதான். அந்த அலட்சியத்தை நான் பல தடவை திட்டி எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் அதைச் சொன்னபோது, "அந்த அலட்சியத்துக்காகத்தான் தம்பி நான் டவுனுக்கு வந்து சாப்பிட ஆரம்பிச்சேன்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, இதற்காக இனி எல்லாக் கடைக்கும் அஞ்சுக்கு அஞ்சு போடப் போகிறேனா? இல்லை. அவரிடமே கேட்டேன், "அப்ப நான் இனிமே சாம்பாரைத் திட்டக்கூடாதா சார்?"

"நல்லாத் திட்டுங்க. ஏன், அன்னைக்கு சாம்பார் நல்லாவா இருந்துச்சு? பருப்பே இல்ல" என்றார்.

போன வாரம் இரண்டு பேருமாகக் கடப்பாக் கடைக்குப் போனோம். இட்லி சூடு. கடப்பாவில் சோம்பு கொஞ்சம் தூக்கல். அவர் சர்வரைக் கூப்பிட்டு, காபியில் சர்க்கரை கம்மி, எடுத்துப் போய்ப் போட்டுக்கொண்டு வா என்றார். வந்தது. குடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி வந்தது. சர்வர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

கடப்பாவுக்கு நாலு. காபிக்கு அவர் போட்ட மார்க் இரண்டு. நான் ஒண்ணரைதான் போட்டிருப்பேன், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் கணக்கு.