காயமுற்றோர் கூடாரமும் கரிசல் மண்ணின் கடமையும்

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி செல்லும் வழியில், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம் உள்ளது. அக்காப்பியத்திற்கு வள்ளல் சீதக்காதியும், பின்னர் அபுல் காசிம் மரைக்காயரும் கொடையால் துணைநின்றனர். தமிழைக் காத்த அவ்வறம், காயமுற்ற உடலைக் காத்த வரலாற்றையும் நாம் அறிதல் வேண்டும்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கைநரம்பில் அம்பு தைத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மஸ்ஜிதுன் நபவியில் ருஃபைதா (ரலி) அம்மையார் அமைத்திருந்த கூடாரத்தில் அவரைச் சேர்க்கச் செய்தார்கள். இறைவனின் நற்கூலியை மட்டுமே நாடிக் காயமுற்றோரைப் பேணியவர் அவ்வம்மையார்.

தனியொருவரின் தொண்டு பிற்காலத்தில் நிறுவனமாக வளர்ந்தது. 1154இல் திமிஷ்கைக் கைப்பற்றிய நூருத்தீன் ஸங்கி அங்கு மருத்துவமனை நிறுவினார். 1184இல் அந்நகரைக் கண்ட இப்னு ஜுபைர், நோயாளிகளின் பெயர்களும் மருந்து, உணவுச் செலவுகளும் பதிவேட்டில் எழுதப்பட்டதைக் குறித்துள்ளார். அம்மருத்துவமனையின் மருந்தால் நலம்பெற்ற கலாவூன், சுல்தானான பின் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனையை எழுப்பினார். அறுவைச் சிகிச்சைக்கு அங்கே தனிப்பகுதி இருந்தது. அவர் கட்டடத்தோடு நிற்கவில்லை. அன்றாடச் செலவுக்காகக் கடைகள் முதலியவற்றின் வருவாயையும் வக்ஃபாக எழுதிவைத்தார். அம்மருத்துவமனை பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

தீப்பெட்டித் தொழிலும் மதுரை–நெல்லை நாற்கரச் சாலையும் உள்ள கோவில்பட்டிக்குத் தீக்காயமும் சாலை விபத்தும் புதியன அல்ல. 2008இல் தமிழகத்தில் 108 ஊர்தி வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க வகைசெய்தது. சிகிச்சை அளிப்பது அரசின் கடமை. எனினும் கொடையாளருக்கும் இடமுண்டு. செயற்கைச் சுவாசக் கருவியை வாங்கித் தந்து பெயர்ப்பலகை பொருத்துவது எளிது. ஆண்டுதோறும் அதைப் பழுதுபார்க்கவும், இயக்குவோரைப் பயிற்றவும் பொருள் தருவோர் அரியர். பழுதுற்ற கருவி குருதி பெருகும் வேளையில் எவருக்குப் பயன்படும்?

ஜகாத், உரியவரின் கைக்கே சேரவேண்டிய பங்கு. எனவே, கருவிகளுக்கு ஏற்றவை ஸதகாவும் வக்ஃபுமே என்பது பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்து. பழைய வக்ஃபுகளின் நிபந்தனையை நாம் மாற்றலாகாது. புதிதாக ஒரு கடையின் வாடகையேனும் இதற்கென எழுதிவைக்கலாம். வரவு செலவையும் திமிஷ்கில் எழுதியது போலப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா அதுவன்றோ!