வெட்டி எடுத்த குரலுக்குப் பெயர் உண்டா? மலையகப் பாடல்களும் ஹிப்ஹொப் சாம்பிளிங்கும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து இளைஞர்கள் கைபேசியிலும் பழைய மடிக்கணினியிலும் செய்து யூரியூப்பில் ஏற்றும் ராப் பாடல்களைச் சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். சில பாடல்கள் தப்பின் ஒரு சுற்றோடு தொடங்குகின்றன. வேறு சிலவற்றில் முதலில் வருவது ஒரு வயதான பெண்ணின் குரல். பிறகுதான் பேஸ் இறங்குகிறது. காணொளியின் கீழே இசையமைத்தவர், ராப் பாடியவர், படம் பிடித்தவர், டிரோன் பறக்கவிட்டவர் வரை பெயர்கள் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் இராது.

ஏற்கெனவே பதிவான ஒலியில் ஒரு துண்டை வெட்டி, சுழலவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் புதிய பாடலுக்குள் வைப்பதுதான் சாம்பிளிங். மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகப் பாடுவது வேறு. இந்த வித்தியாசம் முக்கியமானது. ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டுக்கும் சொல்லுக்கும் உரிய படைப்புரிமை ஒன்று, பதிவான ஒலிக்கு உரிய உரிமை இன்னொன்று. சாம்பிள் செய்பவர் இரண்டையும் தொடுகிறார். மெட்டை மீண்டும் பாடுபவர் முதலாவதை மட்டும் தொடுகிறார்.

மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழு 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாடலை ராப்பாக்கியபோது, மூலப்பாடல் 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துடையது என்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட ‘கலா’வில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வின் மேளத்துக்குப் பின்னால் ‘ஜெயம்’ படப்பாடல் ஒன்று இருக்கிறது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் த கிளாஷ் குழுவின் இசை எடுக்கப்பட்டது. அக்குழுவினரின் பெயர்கள் இணை ஆக்குநர்களாகச் சேர்க்கப்பட்டன. கிராஃப்ட்வெர்க் குழு இரண்டு விநாடி ஒலிக்காக ஜெர்மன் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. 2019இல் அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இவை எல்லாவற்றிலும் உரிமை கேட்க ஒரு பெயர் இருந்தது.

பெயர் தெரிந்தாலும் பணம் வந்துவிடும் என்றில்லை என்பதையும் சொல்லவேண்டும். த வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாடலில் ஜி.சி. கோல்மன் வாசித்த ஆறேழு விநாடி டிரம், உலகில் மிக அதிகமாகச் சாம்பிள் செய்யப்பட்ட துண்டுகளில் ஒன்று. அவர் 2006இல் இறக்கும்வரை அதற்காக ஒரு சதமும் பெறவில்லை.

மலையகத்துக்கு வருவோம். இங்கே இரவல் வாங்குவது புதிதல்ல. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் 1930, 40களில் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்களை மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில்தான் எழுதினார். மெட்டு தெரிந்திருந்தால் அரசியல் சொற்கள் சீக்கிரம் வாயில் ஏறும். சிறு நூல்களாக அவற்றை அச்சிட்டபோது தன் பெயரையும் போட்டார். ஒப்பாரியும் அப்படித்தான் வேலை செய்கிறது. பரம்பரையாக வந்த அடிகளும் உவமைகளும் பொதுச் சொத்து. செத்தவர் யார், பாடுபவருக்கு என்ன உறவு, எந்தத் தோட்டத்தில் எப்படிச் செத்தார் என்பதைப் பாடும் பெண் அந்த இடத்திலேயே கோர்க்கிறாள். ஆகவே ‘இது நாட்டுப்பாட்டுதானே, யாரும் எழுதியதில்லை’ என்று இளைஞர்கள் சொல்லும்போது எனக்குப் பாதிதான் உடன்பாடு. அடிகளுக்கு ஆசிரியர் இல்லை. அந்தக் கோர்வைக்கும் குரலுக்கும் ஆள் இருக்கிறாள்.

இந்தக் கேள்வி உலக அளவில் வெடித்தது ‘எஞ்சாய் எஞ்சாமி’யில். 2021 மார்ச்சில், ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட மாஜா தளத்தில் தீ, அறிவு பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து வெளியான பாடல். அதன் வேர் நமது மலையில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டவர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய அந்தத் தலைமுறையின் கதைதான் கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்டது. அது வெட்டி ஒட்டிய சாம்பிள் அல்ல, ஒப்பாரியின் சொல்முறையை எடுத்தாண்ட பாடல்.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2021 ஓகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்டபின் அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாடல் மேடையேறியது. தானே மெட்டமைத்து எழுதிப் பாடியதாக அறிவு அறிக்கை விட்டார். அறிவு பாடிய வரிகளின் மெட்டு தன்னுடையது என்றும் வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று ஆண்டுகளில் இந்தப் பாடலுக்காக மாஜாவிடமிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. புகழ்பெற்ற மூன்று பேருக்கு நடுவிலேயே ‘யார் என்ன செய்தார்’ என்பது பாடல் வெளியாகி ஓராண்டுக்கு மேல் கழித்துப் பொதுவெளியில் சண்டையாகிறது என்றால், லயத்து வாசலில் உட்கார்ந்து பாடிய அம்மாயியின் கதி என்ன என்பதே என் கவலை.

அதற்கு நெருக்கமான உதாரணம் தாய்வானில் இருக்கிறது. அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவரும் மனைவியும் பாடிய பாரம்பரியப் பாடல் 1988இல் பிரான்ஸ் பயணத்தின்போது பதிவானது. எனிக்மா குழு அதைச் சாம்பிள் செய்து 1990களின் நடுவில் ‘ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்’ என்று உலகப் புகழ் பெற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் அது ஒலித்தது. தம்பதியர் 1998இல் வழக்குப் போட்டார்கள், மறு ஆண்டு சமரசமானது, பெயரும் பங்கும் கிடைத்தன. பாடல் பாரம்பரியமானது என்பது அவர்களுக்குத் தடையாகவில்லை. பதிவில் இருப்பது தங்கள் குரல்தான் என்று நிறுவ முடிந்ததே காரணம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று இடங்களில் இதைத் தொடுகிறது. ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு உரிமை உண்டு. அதாவது கைபேசியில் சிவப்புப் பொத்தானை அழுத்தியவர் ஒரு உரிமையாளர் ஆகிவிடுகிறார். ஆனால் நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு: அவர் சம்மதமின்றி நிகழ்த்துகையைப் பதிவுசெய்யவோ, பதிவைப் பிரதிசெய்யவோ கூடாது. இதை நம் பையன்களில் பலர் அறியார்கள். மூன்றாவது, நாட்டார் வெளிப்பாடுகளை அவற்றின் வழமையான சூழலுக்கு வெளியே வணிகத்துக்குப் பயன்படுத்த, அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். வரும் பணம் கலாசார மேம்பாட்டுக்குப் போகும். எனக்கு இந்தப் பிரிவில் நம்பிக்கை குறைவு. தோட்டத்துப் பெண்ணின் பாட்டுக்கான பணம் கொழும்புக்குப் போய்விட்டு அவள் லயத்துக்குத் திரும்பி வரும் வழி அதில் எழுதப்படவில்லை.

யூரியூப்பின் தானியங்கி அடையாளம் காணும் முறை இன்னொரு சிக்கல். விநியோக நிறுவனம் மூலம் ஒருவர் தன் பாடலைப் பதிவுசெய்தால், அதிலுள்ள தப்புத் துண்டும் ‘அவருடையது’ என்று இயந்திரம் நினைக்கக்கூடும். நாளை அதே தப்புக்குழு தன் திருவிழாக் காணொளியை ஏற்றினால் உரிமைக்கோரல் அவர்கள் மேலேயே விழலாம். பிறருக்கும் உரிமையுள்ள ஒலியை இப்படிப் பதிவுசெய்வது யூரியூப் விதிகளுக்கே முரண். ஆட்சேபம் தெரிவிக்க வழியும் உண்டு. ஆனால் அதற்கான படிவத்தை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

வடக்கில் இதே கேள்வி இன்னும் கூர்மையானது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையிலிருந்து வன்னிக்குப் போனவர்களும் போரின் இறுதி நாள்களில் அங்கேதான் இருந்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் தாய்மார் அழுது சொன்னவை நூற்றுக்கணக்கான செய்திக் காணொளிகளில் கிடக்கின்றன. ஒரு பீட் செய்பவருக்கு அவற்றிலிருந்து நான்கு விநாடி வெட்டுவது எளிது. அழுகை சட்டத்தின் கண்ணில் ‘நிகழ்த்துகை’ ஆகுமா என்பதே வாதத்துக்குரியது. அதனால்தான் இங்கே சட்டத்தை நம்பியிருக்க முடியாது, நேரில் போய்க் கேட்கவேண்டும். மறுத்தால் விட்டுவிடவேண்டும்.

நான் சாம்பிளிங்குக்கு எதிரியல்ல. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நம்மிடம் சொற்களாக இருக்கிறது. அந்தச் சொற்களைப் பாடிய குரல்கள் நூலில் இல்லை. இன்றைய இளைஞர்களின் கைபேசிகள் அந்தக் குரல்களைப் பிடித்துவைக்கின்றன, அது பெரிய வேலை. பதிவு தொடங்கியதும் பாடுபவரின் பெயர், தோட்டம், டிவிசன், திகதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லவைத்தால் போதும். பின்னாளில் அதுவே சாட்சி. எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்பதையும் அந்தப் பதிவிலேயே கேட்டுச் சம்மதம் வாங்கலாம். இழவு வீட்டு ஒப்பாரி என்றால் பாடியவரோடு செத்தவரின் குடும்பத்தையும் கேட்கவேண்டும், ஏனெனில் பாட்டுக்குள் இருப்பது அவர்கள் வீட்டுப் பெயர். பங்கு வீதத்தைப் பாடல் வெளியாகும் முன் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைப் பாடியவரிடம் கொடுக்கவேண்டும். தப்புக்குழு என்றால் குழுப் பெயரோடு நிறுத்தாமல், அன்று வாசித்த ஒவ்வொருவர் பெயரும், யார் எந்தத் தப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.