மார்பகப் புற்றுநோயும் கலங்களின் வாங்கிகளும்: மலையகப் பெண்கள் அறிய வேண்டியவை

கொத்மலை, இறம்பொடை, புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து சமையலை முடித்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்திவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குச் செல்லும் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிச் சிந்திக்க நேரம் கிடைப்பது அரிது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் 'நோவில்லைதானே' என்று விட்டுவிடுபவர்கள் பலர். ஆனால், இந்நோயின் ஆரம்ப நிலையில் பெரும்பாலும் நோவு இருப்பதில்லை என்பதே உண்மை. இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் உயிரிழந்தனர்.

மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் அது ஒரே நோயன்று. ஒரே அளவான கட்டியுள்ள இரு பெண்களுக்கு வைத்தியர் வெவ்வேறு மருந்துகளை வழங்குவது இதனாலேயே. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பவை, கலங்களில் உள்ள வாங்கிகள் எனப்படும் புரதங்கள். உடலில் சுற்றிவரும் ஓமோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் கலத்துக்குச் செய்தி கொண்டுவருபவை. அச்செய்தியை ஏற்று, 'பிரிந்து பெருகு' என்ற கட்டளையைக் கலத்தின் கருவுக்குச் சேர்ப்பிப்பவை வாங்கிகள். இந்த ஏற்பாடு கட்டுப்பாட்டை இழக்கும்போது கலங்கள் ஓயாது பெருகுகின்றன.

இவற்றுள் முதலில் அறியப்பட்டது ஈஸ்ட்ரோஜன் வாங்கி. 1896 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதை எடுத்துக்காட்டினார். அதன் காரணம் விளங்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. சிக்காகோவில் எல்வூட் ஜென்சன் நடத்திய ஆய்வுகளே ஈஸ்ட்ரோஜன் ஓமோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கியை வெளிப்படுத்தின. மார்பகப் புற்றுநோயாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அல்லது அதற்கும் அதிகமானோருக்கு இவ்வகைக் கட்டியே உண்டாகின்றது. கருத்தடை மருந்தாகப் பயன்படுமா என்று முதலில் ஆராயப்பட்ட தமொக்சிபென், இவ்வாங்கியில் அமர்ந்து ஓமோனுக்கு இடமில்லாமற் செய்கின்றது. 1977 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென அனுமதிக்கப்பட்ட இம்மாத்திரை, விலை குறைந்ததாயினும் பல இலட்சம் உயிர்களைக் காத்தது.

இரண்டாவது வகை, வளர்ச்சிக் காரணி வாங்கிகளாகும். பிறந்த எலிக்குஞ்சுகளின் கண்ணிமைகள் உரிய காலத்துக்கு முன்னரே திறப்பதை அவதானித்த ஸ்டான்லி கோஹென், அதற்குக் காரணமான மேற்றோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். வளர்ச்சிக் காரணிகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக அவரும் ரீட்டா லெவி மொன்டால்சினியும் 1986 இல் நோபல் பரிசு பெற்றனர். அக்காரணியை ஏற்கும் வாங்கியின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஹெர்-2. சாதாரண கலத்தில் அதன் பரம்பரையலகு இரு பிரதிகளாகவே இருக்கும். மார்பகப் புற்றுநோயாளர்களில் 15 முதல் 20 சதவீதமானோரின் கட்டியில் இப்பிரதிகள் பன்மடங்காகி, கலத்தின் மேற்பரப்பில் ஹெர்-2 மிதமிஞ்சிக் குவிகின்றது. இத்தகைய கட்டி விரைவாகப் பரவும் என்பதை டெனிஸ் ஸ்லாமனும் அவரது குழுவினரும் 1987 இல் எடுத்துக்காட்டினர். அவ்வாங்கியையே இலக்காகக் கொண்டு உருவாக்கப்பட்ட ட்ரஸ்டுசுமாப் என்ற பிறபொருளெதிரி 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இம்மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிகிச்சைக் காலத்தில் இதயப் பரிசோதனை அவசியம்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன், ஹெர்-2 ஆகிய மூன்றுமே காணப்படாத கட்டிகளும் உண்டு. இளவயதுப் பெண்களிடையே ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படும் இவ்வகைக்கு மேற்கூறிய மருந்துகள் பயன்தரா. இரசாயன சிகிச்சையே இதற்குப் பிரதான வழி.

ஆகவே, கட்டியிலிருந்து எடுக்கப்படும் சிறு திசுவின் வாங்கிப் பரிசோதனை அறிக்கை, நோயாளியின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் ஆவணமாகும். ஹெர்-2 பரிசோதனையில் 3 என்ற புள்ளி இருந்தால் அவ்வாங்கி மிகையாக உள்ளது என்பது பொருள். 2 என்றால் பரம்பரையலகுப் பரிசோதனை ஒன்றும் தேவைப்படும். அறிக்கையைப் பத்திரப்படுத்துவதும், 'என் கட்டி எந்த வகை?' என வைத்தியரிடம் கேட்பதும் நோயாளியின் உரிமை.

இங்கேதான் மலையகத்தின் துயரம் தொடங்குகின்றது. கொத்மலையிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. கண்டிக்குச் செல்வதாயினும் ஒரு நாட் சம்பளம் இல்லாமற் போகும். துணைக்கு வருபவரின் சம்பளமும் அதனுடன் சேரும். தமொக்சிபென் மாத்திரையை நாள்தோறும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு உட்கொள்ள வேண்டும். ட்ரஸ்டுசுமாப் பொதுவாக மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஓராண்டு வரை ஏற்றப்படும். சத்திரசிகிச்சை முடிந்ததும் 'சுகமாகிவிட்டது' எனக் கருதி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. சிகிச்சை இலவசம் என்பது பெரும் பேறே. ஆயினும், அதனைப் பெறச் செல்லும் வழிக்கும் விலை உண்டு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு, வசதியற்றவர்களையே கடுமையாக வருத்தியது.

சிகிச்சைக்குச் செல்லும் நாட்களுக்குச் சம்பளத்துடனான விடுமுறை வழங்கத் தோட்ட நிர்வாகங்களும், பயண உதவியை வழங்க அரசாங்கமும் முன்வர வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதனையும் ஒரு கோரிக்கையாக வைப்பதில் தவறில்லை.

1996 இல் ஆரம்பிக்கப்பட்ட சுவநாரி கிளினிக்குகளில், குறிப்பாக 35 மற்றும் 45 வயதுப் பெண்களுக்கு, மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. நாணத்தினால் தமிழ், முஸ்லிம் பெண்கள் பலர் அங்கு செல்லத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் போக்குவதில் குடும்பநல உத்தியோகத்தருக்கு உள்ள பொறுப்பு கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் உண்டு. கலத்தின் வாங்கி வரை சென்று நோயைத் தடுக்கும் ஆற்றலை விஞ்ஞானம் பெற்றுவிட்டது. அப்பயன் லயத்தின் வாசல் வரை வருவதற்குக் கட்டி சிறிதாக இருக்கும்போதே அதனை வாய்திறந்து சொல்வது முதற்படியாகும்.