ஊர் இல்லாத கோஷ்டி

ஒரு கால்பந்துக் கோஷ்டிக்கு வரக்கூடிய சோதனைகள் பல. நல்ல ஆட்டக்காரனைப் பணக்காரக் கோஷ்டி ஒன்று கொத்திக்கொண்டு போய்விடலாம். பந்தயத்துக்கு முதல் நாள் கோல்கீப்பருக்கு ஜுரம் வரலாம். மழை கொட்டி மைதானம் குளமாகலாம். ஆனால் ஊரே இரவோடிரவாகக் காலியாகிவிடுவது எல்லாக் கோஷ்டிக்கும் நேர்வதல்ல. ஐஸ்லாந்தில் ஒரு கோஷ்டிக்கு நேர்ந்தது.

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் வெஸ்ட்மன் தீவுகள் என்று ஒரு கூட்டம். அவற்றுள் ஜனங்கள் குடியிருப்பது ஒரே தீவில்தான். அதன் பெயர் ஹெய்மேய். மீன்பிடிப்புத்தான் பிழைப்பு. அந்தச் சிறு தீவில் இரண்டு விளையாட்டுச் சங்கங்கள் இருந்தன. 1913-ல் பிறந்தது தோர். 1921-ல் பிறந்தது தீர். இரண்டும் அந்நாட்டின் பழைய தெய்வங்களின் பெயர்கள். உள்ளூரில் ஒன்றுக்கொன்று போட்டிதான். ஆனால் வெளியூருடன் மோத வேண்டி வந்தால், சண்டையை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, ஐ. பி. வி. என்ற ஒரே பெயரில் இறங்குவார்கள். 1968-லும் 1972-லும் தேசியக் கோப்பையே இந்த மீனவர் தீவுக்கு வந்து சேர்ந்தது.

கோப்பை வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1973 ஜனவரி 23-ந் தேதி, இரவு இரண்டு மணி சுமாருக்கு, ஊரின் கிழக்கு ஓரத்தில் பூமி நீளமாகப் பிளந்தது. உள்ளேயிருந்து நெருப்பு பொங்கிற்று. தீவில் அப்போது சுமார் 5,300 பேர். முந்திய நாள் கடலில் புயல். அதனால் படகுகளெல்லாம் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. அந்தப் புயலை எத்தனை பேர் சபித்திருப்பார்களோ! அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. விடிவதற்குள் ஏறக்குறைய எல்லாரும் ஏறிக் கரை சேர்ந்துவிட்டார்கள்.

பின்னால் தங்கிய சில நூறு பேர் செய்த காரியம் விசித்திரமானது. எரிகுழம்பு துறைமுகத்தின் வாயை அடைக்க வந்தது. துறைமுகம் போனால் ஊர் போயிற்று. கடல் நீரைக் குழாய் குழாயாக இறைத்து அந்தக் குழம்பின் மீது மாதக்கணக்கில் பீய்ச்சினார்கள். சுமார் 400 வீடுகள் அழிந்தன, துறைமுகம் பிழைத்தது. ஜூலை ஆரம்பத்தில் எரிமலை ஓய்ந்தது.

இதற்கிடையே கோடை வந்துவிட்டது. ஐஸ்லாந்தில் கால்பந்துக்குக் கோடைதான் பருவம். ஆட்டக்காரர்களோ சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் அல்லர். வீடிழந்து வந்த ஜனங்களில் அவர்களும் சேர்த்தி. ஒரு வருஷம் ஓய்வு கேட்டிருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவர்கள் கேட்கவில்லை. இரவல் மைதானங்களில் அந்த வருஷம் முழுவதும் முதல் பிரிவில் ஆடினார்கள். ஊர் சாம்பலுக்குள் கிடந்தது; ஜனங்கள் மூலைக்கொருவராகச் சிதறியிருந்தார்கள். அந்தக் கோடையில், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயப் பட்டியலில் மட்டுமாவது அந்த ஊருக்கு ஓர் இடம் இருந்தது என்பது என் எண்ணம்.

கோப்பை வென்றவர்கள் என்ற முறையில் ஐரோப்பியப் பந்தயத்திலும் ஆட வேண்டியிருந்தது. எதிரி ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 16 கோல் வாங்கி, ஒன்று போட்டார்கள். அந்த ஒன்றைப் போட்டார்களே, அதைச் சொல்லுங்கள்!

பதினெட்டு வயதுத் தீவுப் பையன் ஆஸ்கெய்ர் சிகுர்வின்ஸன் அதே 1973-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்கு ஆடப் போனான். பிற்பாடு, 1984-ல், ஸ்டுட்கார்ட் கோஷ்டியுடன் ஜெர்மன் சாம்பியன் ஆனான்.

ஜனங்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து சாம்பலை வாரிக் கொட்டினார்கள். 1979-ல் ஐ. பி. வி. முதல் தடவையாக நாட்டின் சாம்பியன் ஆயிற்று. 1997-லும் 1998-லும் மறுபடி. அதன் பிறகு ஏற்றமும் இறக்கமுந்தான். இரண்டாம் பிரிவில் கிடந்த கோஷ்டியை 2008-ல் மேலே ஏற்றியவர் ஹெய்மிர் ஹல்கிரிம்ஸன். உள்ளூர்க்காரர், தொழிலோ பல் வைத்தியம். அவரே 2018-ல் ஐஸ்லாந்தை உலகக் கோப்பைக்கு அழைத்துப் போய், அர்ஜென்டினாவுடன் 1-1 என்று சமன் செய்ய வைத்தார். கோஷ்டி 2019-ல் மறுபடி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று, 2021-ல் ஏறிற்று, 2023-ல் இறங்கிற்று, 2024-ல் அந்தப் பிரிவில் முதலாவதாக வந்து, மறுபடியும் ஏறிற்று.